தோட்டத்துப் பெண்களுக்குமா?

1927இன் கடைசியில் டொனமூர் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழு லண்டனிலிருந்து இலங்கைக்கு வந்தது. இந்த நாட்டில் யாருக்கு வாக்கு, ஆட்சியில் யாருக்கு எவ்வளவு இடம் என்று விசாரிக்க வந்த குழு. அன்றைக்கு வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்தான். அந்த நால்வரும் ஆண்கள். சொத்தோ படிப்போ உள்ளவர்கள்.

குழுவின் முன்னால் போய் வாதாடிய பெண்களில் ஒருவர் கண்டியைச் சேர்ந்தவர். பெயர் ஆக்னஸ் டி சில்வா. அந்த ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளர். பேச்சுக்கு நடுவில் டொனமூர் பிரபு அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். தோட்டங்களில் கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்குமா வாக்குக் கேட்கிறீர்கள்?

கேட்கப்பட்டவர்கள் வசதியான வீட்டுப் பெண்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் ஓர் இரவு தங்கியவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? "முதலில் எங்களுக்குத் தாருங்கள், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு யாரும் அவர்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். காரியமும் சுலபமாக முடிந்திருக்கும். ஆக்னஸ் அப்படிச் சொல்லவில்லை. நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும்தான் கேட்கிறோம் என்று பதில் சொன்னார்.

ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் வாக்கு என்று சிபாரிசு செய்தது. சட்டமாக வந்தபோது வயது இருபத்தொன்றாகக் குறைந்தது. 1931இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் இலங்கைப் பெண்கள் வாக்களித்தார்கள். ஆசியாவில் அதற்கு முன் எந்தக் காலனி நாட்டிலும் எல்லோருக்கும் அப்படி வாக்குக் கிடைத்ததில்லை. தோட்ட மக்களுக்கு வசிப்பிடத்தை நிரூபிக்கும் நிபந்தனைகள் குறுக்கே நின்றன. அவற்றைத் தாண்டியும் தோட்டத்துப் பெண்களில் ஒரு பகுதியினர் வாக்குச் சாவடிக்குப் போனார்கள்.

பெண்கள் தலைமைக்கு வரவேண்டும் என்று இன்று எல்லோரும் பேசுகிறோம். மார்ச் 8 வந்தால் கண்டி நகர மண்டபங்களில் பூங்கொத்தும் பொன்னாடையும் உண்டு. அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் எனக்கு டொனமூரின் கேள்வி ஞாபகம் வரும். அறைக்குள் போய்விட்ட பெண், அறைக்கு வெளியே நிற்பவளைப் பற்றிக் கேட்கப்படும்போது என்ன சொல்கிறாள்? ஊக்கம், ஆதரவு என்று நாம் சொல்வதெல்லாம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு வீடு, மூன்று பெண்கள்

ஆக்னஸின் கணவர் ஜோர்ஜ் ஈ. டி சில்வா கண்டியில் வழக்கறிஞராக இருந்து அரசியலுக்கு வந்தவர். நகரத்தில் அவர் பெயரில் ஒரு பூங்கா உண்டு. அந்த வழியாகப் போகிறவர்களில் ஆக்னஸின் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர் என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால், ஒரு வீடு தரக்கூடிய ஆதரவு எவ்வளவு தூரம் போகும் என்பது விளங்கும்.

மகள் அனில் பம்பாய்க்குப் போனார். 1943இல் உருவான இந்திய மக்கள் நாடக மன்றத்தின் முதல் பொதுச் செயலாளர் அவர்தான். கலைக்கும் கட்டடக்கலைக்குமான 'மார்க்' சஞ்சிகையைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். 1957இல் சீனாவின் பௌத்தக் குகை ஓவியங்களை ஆராய ஒரு சிறு குழுவுடன் போனார். அவருக்கு உதவியாளராகப் போன இளம்பெண் பின்னாளில் வரலாற்று ஆசிரியராகப் புகழ்பெற்ற ரொமிலா தாப்பர்.

இன்னொரு மகள் மினெட், 1918இல் கண்டியில் பிறந்தவர். கட்டடக்கலை படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துப் பம்பாய் போனார். காந்தியின் விடுதலைக்காக நடந்த ஊர்வலத்தில் கலந்துகொண்டதற்காகக் கல்லூரி அவரை வெளியேற்றியது. மன்னிப்புக் கேட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள் என்ற நிலையிலும் கேட்கவில்லை. பிறகு லண்டனில் படிப்பை முடித்து, 1948இல் பிரித்தானியக் கட்டடக்கலைஞர் அரச நிறுவகத்தின் இணை உறுப்பினரானார். அந்த இடத்துக்கு வந்த முதல் ஆசியப் பெண் அவர்.

கொழும்பிலோ லண்டனிலோ தங்கிவிடாமல் மினெட் கண்டிக்கே திரும்பி வந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் கருணாரத்ன இல்லம் 1951இல் எழுந்தது. இந்த நாட்டில் ஒரு பெண் வடிவமைத்த முதல் கட்டடம். தும்பறைப் பாய் நெய்கிறவர்களையும் அரக்கு வேலைக்காரர்களையும் தேடிப்போய் அவர்களுடைய கைவேலையை நவீன வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். வட்டபுலுவவில் அரசாங்க ஊழியர்களுக்காக 1950களில் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்புத் திட்டம் வந்தபோது அவர் முதலில் கோடு போட உட்காரவில்லை. குடிவரப் போகிறவர்களிடம் கேள்விக் கொத்துக் கொடுத்து, யாருக்கு என்ன தேவை, குடும்பம் எப்படி, சமையல் எப்படி என்று கேட்டு எழுதி வாங்கினார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று கலந்து வாழப்போகும் இடம் அது. பெரிய வேலையைக் கையில் எடுக்கிறவர் முதலில் வாயை மூடிக் காதைத் திறக்கிற இந்தப் பழக்கத்துக்குத் தலைமை என்று பெயர் வைக்க நான் தயங்கமாட்டேன்.

அப்படிப்பட்டவருக்கே கடைசிக் காலம் நன்றாக அமையவில்லை. இலங்கைக் கட்டடக்கலைஞர்களின் தங்கப் பதக்கம் 1996இல்தான் வந்து சேர்ந்தது. 1998இல் கண்டியில், கையில் பணமில்லாமல், தனிமையில் கண்ணை மூடினார். பிறந்த வீட்டின் ஆதரவு ஒரு பெண்ணை வாசல்வரை கொண்டுவந்து விடும். அதற்குப் பிறகு நாற்பது ஐம்பது வருடம் அந்தத் துறை, அந்த ஊர், வேலை கொடுக்கிறவர்கள் எல்லோரும் தாங்க வேண்டியிருக்கிறது. அந்தத் தாங்கல் மினெட்டுக்குக் கிடைத்தது குறைவு.

வீடே தாங்கமுடியாத இடத்தில் பிறந்த பெண்ணின் கதை என்ன? அதற்குக் கண்டி வாவிக் கரையை விட்டுவிட்டு மலையேற வேண்டும்.

கொழுந்து மடுவத்தில்

கண்டியிலிருந்து தெல்தோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பக்கமும் தேயிலைதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் முதல் வர்த்தகத் தேயிலையை நட்ட லூல்கந்துர இந்த மலைத்தொடரில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பின்நேரக் கொழுந்து நிறுக்கும் நேரம் போயிருந்தேன்.

பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். இடுப்பில் படங்கு, தலையில் மடித்துப் போட்ட துணி, விரல் நுனியெல்லாம் கறை. தராசில் பை ஏறுகிறது. உத்தியோகத்தர் ஒரு எண்ணைச் சொல்லி, கழிவு போக மிச்சத்தை எழுதுகிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும் ஓர் அக்கா, தன்னுடைய பை இறங்கியதும் நகராமல் அங்கேயே நின்றார்.

"ஐயா, நேத்து மழை. தண்ணி நின்ன கொழுந்துன்னு ரெண்டு கிலோ கழிச்சீங்க, சரி. இன்னைக்குக் காலையிலேருந்து நல்ல வெயிலு. இன்னைக்கும் ரெண்டு கிலோவா?"

உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வழக்கமா போடுறதுதான்."

"வழக்கம்னா எங்க எழுதியிருக்குன்னு காட்டுங்க. இந்த வரிசையில முப்பது பேரு நிக்கிறோம். முப்பது ரெண்டு அறுவது கிலோ. அந்த அறுவது யாரு கணக்குல போவுது?"

வரிசை முழுக்க அமைதி. முன்னால் நின்ற கிழவி ஒருத்தி "அதானே" என்றாள். உத்தியோகத்தர் ஒரு கிலோவை அடித்துத் திருத்தினார். பின்னால் நின்றவர்களுக்கும் ஒரு கிலோதான் கழிந்தது. அந்த நாளில் சிலருக்கு அது சின்ன விஷயமில்லை. குறித்த கிலோ வராவிட்டால் முழுப் பேர் விழாது, அரைப் பேர்தான். பாதி நாள் சம்பளம் போய்விடும்.

பதற்றமில்லை. ஒரு கெட்ட வார்த்தையில்லை. நேற்றைய கணக்கும் இன்றைய வானிலையும் மனதில் இருந்தன. தனக்கென்று கேட்காமல் முப்பது பேருக்காகக் கேட்டார். இதற்கு மேல் எந்தப் பயிற்சிப் பட்டறையில் என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள்?

திரும்பி நடக்கும்போது கேட்டேன், "நீங்க தோட்டத் தலைவரா நின்னா என்ன அக்கா?"

சிரித்தார். "தலைவரா? நான் மாதர் தலைவி புள்ள. எட்டு வருசமா."

"கூட்டத்துக்கெல்லாம் போவீங்களா?"

"ஆறு மணிக்கு வைக்கிறாங்க. நான் மலையிலேருந்து எறங்கி, பிள்ளை மடுவத்துல பேரப்புள்ளைய எடுத்துக்கிட்டு, பீலியில தண்ணி புடிச்சு, அடுப்புல ரொட்டி தட்டிப் போட்டா ஏழரை. அந்நேரம் போனா கூட்டம் முடிஞ்சு எல்லாம் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருப்பாங்க. கோப்பைய கழுவ ஆள் வேணும்னா என்னைய கூப்புடுவாங்க."

மேடைக்குக் கீழே நிற்கும் சந்தா

தோட்டங்களில் வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கொழுந்தெடுப்பதில் ஏறக்குறைய எல்லோருமே பெண்கள். தொழிற்சங்கச் சந்தா மாதாமாதம் அவர்கள் சம்பளத்திலிருந்துதான் பிடிபடுகிறது. சங்கத்தின் மேடையைப் பாருங்கள்: வேட்டிகள், மாலைகள், ஒரு ஓரத்தில் ஒரு சேலை. அந்தச் சேலைக்கு "மாதர் பிரிவு" என்று பெயர். சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் கொழும்புக்குப் போகும் குழுவில் அந்தச் சேலை இருப்பதில்லை. பெண்ணின் சம்பளத்தை அப்பாவோ புருஷனோ போய் வாங்கி வருவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ஒரே நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்ற கணக்கு 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் ஒழிந்தது. அதுவரை நூறு வருடத்துக்கு மேல் அது யாருக்கும் பெரிய அநியாயமாகத் தெரியவில்லை, பேசப்போன மேசையில் பெண் இல்லாததால்.

இதைத் தோட்டத்துப் பெண்ணின் கூச்சம் என்று சொல்கிறவர்களுக்கு மீனாட்சியம்மாளைத் தெரியாது. கோ. நடேசய்யர் ஹட்டனில் தொழிலாளர் சங்கத்தைக் கட்டிக்கொண்டிருந்த 1930களில், அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டு எழுதினார், சந்தியில் நின்று பாடினார். துரைமார் பொதுக்கூட்டத்துக்கு இடம் கொடுக்காத காலம். பாட்டைக் கேட்கக் கூட்டம் கூடும், கூடிய பிறகு பேச்சு தொடங்கும். சங்கம் வளர்ந்து பெரிய கட்டடங்களுக்குள் போன பிறகு அந்தக் குரல் எங்கே போனது என்று நாம் கேட்டிருக்க வேண்டும்.

கேட்டவர் ஒருவர் கண்டியில் இருந்தார். சமூக அபிவிருத்தி நிறுவனத்தில் பணியாற்றிய மேனகா கந்தசாமி, மலையகத் தொழிற்சங்கங்களில் பெண்களின் தலைமை எங்கே தடைப்படுகிறது என்று ஆராய்ந்து நூலாகவே எழுதினார். எழுதிவிட்டு நிற்கவில்லை; செங்கொடிச் சங்கத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். தோட்டத் தொழிற்சங்கம் ஒன்றுக்குப் பெண் தலைமை தாங்குவது அதுவரை கேள்விப்படாத ஒன்று. 2012இல், கண்டியிலும் கொழும்பிலும் மற்றவர் வீட்டில் சமைத்துத் துடைத்து வாழும் பெண்களுக்கென்று ஒரு சங்கம் உருவானதிலும் அவர் முன்னால் நின்றார். அந்தப் பெண்களில் பலர் மலையகத்திலிருந்து பதினாறு பதினேழு வயதில் வேலைக்குப் போனவர்கள். முதலாளியின் சமையலறைக்குள் தனியாக இருப்பவளைச் சங்கத்துக்குள் கொண்டுவருவது, ஆயிரம் பேர் நிற்கும் பெரட்டுக் களத்தில் பேசுவதைவிடக் கடினமான வேலை.

அதே நிறுவனம் 2007இல் கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயம் ஒன்றைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றியது. பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டிய இடம். ஹந்தானையில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களும் டெய்லரின் நினைவும் இருக்கின்றன. கம்பளையில் அம்மி, கூடை, வெற்றிலைத் தட்டம், காம்பரா இருக்கின்றன. இரண்டையும் பார்த்தால்தான் தேயிலையின் கதை முழுசாகும்.

பறிபோன வாக்கு

ஆக்னஸ் வாங்கிக் கொடுத்த வாக்கு தோட்டத்துப் பெண்ணின் கையில் பதினெட்டு வருடம்தான் இருந்தது. 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்கள் வென்றது. 1948இல் குடியுரிமைச் சட்டம், 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். மலையக மக்களில் பெரும்பான்மையோர் ஒரே வீச்சில் நாடற்றவர்களானார்கள்.

1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானார். உலகத்தில் எந்த நாட்டிலும் ஒரு பெண் அதற்கு முன் அந்தப் பதவிக்கு வந்ததில்லை. கண்டிய ரத்வத்தை குடும்பத்துப் பெண். இதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அதே கை 1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஐந்தே கால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேருக்கு இங்கே குடியுரிமை, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். பத்து வருடம் கழித்து அந்த ஒன்றரை இலட்சத்தையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அக்கா ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம் என்று ரயிலேறிய கதை தெரியாத லயம் இன்றைக்கும் இல்லை.

அந்த ஒப்பந்தம் அவர் ஒருவர் மனதில் உதித்ததில்லை. நேரு காலத்திலிருந்தே இழுபட்ட பிரச்சினை, இரண்டு அரசாங்கங்களின் கணக்கு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஆக்னஸிடம் கேட்கப்பட்ட கேள்வி முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கழித்து வேறு உருவத்தில் இன்னொரு பெண் முன் வந்து நின்றதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. தோட்டத்துப் பெண்களுக்குமா? இந்த முறை பதில் வேறு. உச்சியில் ஒரு பெண் இருந்துவிட்டால் அடியில் இருப்பவளுக்குத் தானாக வழி திறந்துவிடும் என்ற நம்பிக்கையை மலையகம் அப்போதே இழந்துவிட்டது.

குடியுரிமைப் பிரச்சினை 1988, 2003 சட்டங்களோடுதான் ஒரு முடிவுக்கு வந்தது. வாக்குச் சீட்டையே திரும்ப வாங்க இரண்டு தலைமுறை போராடியவர்களிடம், "உங்கள் பெண்கள் ஏன் இன்னும் தேர்தலில் நிற்கவில்லை" என்று கேட்பது நியாயமா?

நாற்காலி வந்தது

2016, 2017 சட்டத் திருத்தங்கள் உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு இருபத்தைந்து இடம் பெண்களுக்கு என்றன. அதற்கு முன் நாடு முழுவதும் பெண் உறுப்பினர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 2018 பெப்ரவரித் தேர்தலில் அது இருபதைத் தாண்டியது. இந்த நாட்டில் ஒரு சட்டம் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்ததை நான் பார்த்ததில்லை. தெல்தோட்டை, பன்விலை, கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கங்களில் ஆசிரியைகளும் முன்பள்ளி நடத்தியவர்களும் மாதர் சங்கக்காரர்களும் துண்டுப் பிரசுரத்தோடு லயம் லயமாக ஏறினார்கள்.

அந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. வட்டாரத்தில் நேரடியாக நிற்கும் வேட்பாளர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் பெண்களாக இருந்தால் போதும். மேலதிகப் பட்டியலில்தான் பாதிப் பேர். ஆகவே கட்சிகள் வெல்லக்கூடிய வட்டாரத்தை ஆணுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்ணைப் பட்டியலில் போட்டன. பட்டியலில் வந்தவளுக்குச் சொந்த வட்டாரம் இல்லை. சபையில் அவள் எழுந்து பேசினால், "உங்களுக்கு யார் வாக்குப் போட்டது" என்று கேட்க ஆள் இருந்தது. அடுத்த தேர்தலில் பட்டியலில் பெயர் இருக்குமா என்பது கட்சி அலுவலகத்தின் தயவு. இரண்டு விகிதத்தையும் மாற்றிப் போட வேண்டும் என்பது என் வாதம். நேரடி வட்டாரங்களில் பெண்களை நிறுத்தக் கட்சிகளைக் கட்டாயப்படுத்தினால் மிச்சத்தைப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொரு தடை இன்னும் வேதனையாக இருந்தது. தோட்டத்துப் பெண் வாக்கு வாங்கிப் பிரதேச சபைக்குப் போகலாம். ஆனால் சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டத்தில் வழியிருக்கவில்லை, தோட்டம் கம்பனியின் நிலம் என்பதால். தன்னுடைய லயத்துக்கு முன்னால் இருக்கும் பாதைக்கு ஒரு கூடை கல் போடக்கூட முடியாத உறுப்பினர்! அந்தச் சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலும் அறிக்கைகளும் கண்டிப் பக்கத்தில் பெரும்பாலும் சிங்களத்தில்தான் வரும். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு சொல்லி முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நியமிப்பது, பெண்களுக்கான நூறு ஊக்கப் பேச்சுகளைவிட அதிகம் உதவும்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே பாடுதான். தமிழகத்தில் 1996இல் மூன்றில் ஒரு இட ஒதுக்கீட்டோடு உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மதுரை வில்லாபுரத்தில் லீலாவதி மாநகராட்சி உறுப்பினரானார். வட்டாரத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவருவதில் முனைந்தார். தண்ணீர் விற்றுப் பிழைத்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1997 ஏப்ரலில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பெண்கள் பதவிக்கு வந்தால் முதலில் தண்ணீரைத்தான் தொடுகிறார்கள், ஏனென்றால் குடத்தைச் சுமப்பது அவர்கள். யாருடைய வருமானத்தைத் தொடுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஆபத்தும் வருகிறது. ஒரு பெண்ணை நிற்கச் சொல்கிற நாம், அவள் நின்ற பிறகு பக்கத்தில் நிற்கவும் வேண்டும்.

2024 செப்டெம்பரில் ஹரினி அமரசூரிய பிரதமரானார். இந்த நாட்டின் மூன்றாவது பெண் பிரதமர். முதல் இருவரும் பண்டாரநாயக்க குடும்பம். இவர் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்தவர். நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் போனார்கள். மலையக மாவட்டங்களிலிருந்து மலையகத் தமிழ்ப் பெண்கள் தேர்வானது அதுதான் முதல் தடவை. மாத்தறையில் வென்ற சரோஜா சாவித்திரி போல்ராஜ் பெண்கள், சிறுவர் விவகார அமைச்சரானார். 1931இலிருந்து எண்ணிப் பாருங்கள், தொண்ணூற்று மூன்று வருடம். கண்டி மாவட்டத்துக்குப் பன்னிரண்டு ஆசனம் உண்டு. அவற்றில் ஒன்றிலும் மலையகத் தமிழ்ப் பெண் இன்னும் உட்கார்ந்ததில்லை. ஆக்னஸ் யாருக்காகப் பதில் சொன்னாரோ அந்தப் பெண்களின் பேத்திகள் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

ஆறு மணிக் கூட்டம்

பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். பேராதனை வளாகத்தில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியும். ஆனால் வேலைக்குப் போகும் வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவர்தான் இந்த நாட்டில் உழைக்கும் படையில் இருக்கிறார். நடுவில் காணாமல் போகிறவர்கள் எங்கே போகிறார்கள்? பிள்ளை பார்க்க, மாமியார் பார்க்க, இருட்டிய பிறகு பஸ் இல்லாத ஊரில் வீட்டோடு இருக்க. லயத்து அக்கா சொன்ன ஆறு மணிக் கணக்குத்தான் இது. தோட்டத்தில் அடுப்பாக இருப்பது கண்டி நகரத்து வங்கி அதிகாரிக்குப் பாடசாலை வான் நேரமாகவும், ஆசிரியைக்கு அதிபர் பதவியோடு வரும் தூரத்து இடமாற்றமாகவும் இருக்கிறது. பதவி உயர்வுக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த ஆசிரியைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் துணிச்சல் இல்லை என்று சொன்னால் அது அபாண்டம்.

அண்மைக் காலத்தில் சில தோட்டக் கம்பனிகள் பெண்களை மேற்பார்வைக்கு நியமிக்கத் தொடங்கியிருக்கின்றன. நூற்றைம்பது வருடமாகக் கங்காணி என்றால் ஆண். கொழுந்து தெரிந்த பெண் வரிசையை நடத்தும்போது ஏச்சுப் பேச்சுக் குறைகிறது என்று கொழுந்தெடுக்கிறவர்களே சொல்கிறார்கள். இதைத் தோட்டம் தோட்டமாகச் செய்ய எந்தப் புதுச் சட்டமும் வேண்டியதில்லை. சங்கக் கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு வைக்கவும் சட்டம் வேண்டியதில்லை.

போன தடவை அந்தத் தோட்டத்துக்குப் போனபோது ஒரு மனு தயாராகிக்கொண்டிருந்தது. மேல் லயத்துத் தண்ணீர்த் தாங்கி வெடித்து மூன்று மாதம். பிரதேச சபைக்கு எழுத வேண்டும். கண்டிக்குப் படிக்கப் போகும் ஒரு பிள்ளை சிங்களத்தில் எழுதி முடித்திருந்தாள். பெண்கள் வாசலில் கூடிக் கையெழுத்துப் போட்டார்கள். சிலருக்குக் கை நடுங்கியது, ஒருத்தி பெருவிரலை மையில் வைத்தாள். தாளின் முதல் வரி மட்டும் வெறுமையாக இருந்தது.

"இது யாருக்கு?" என்று கேட்டேன்.

"தலைவருக்கு விட்டு வச்சிருக்கு" என்றாள் எழுதிய பிள்ளை. "அவரு டவுனுக்குப் போயிருக்காரு. நாளைக்கித்தான் வருவாராம்."

நாளைக்குப் போயா நாள். சபைக் காரியாலயம் பூட்டியிருக்கும். மாதர் தலைவி அக்கா கைகளைப் படங்கில் துடைத்துக்கொண்டு வந்தார். தாளை வாங்கி மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார்.

"அந்தப் பேனாவைக் குடு புள்ள."

முதல் வரியில் தன் பெயரை எழுதினார். எழுத்துக்கூட்டி, மெதுவாக. எழுதி முடித்ததும் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.